வேடியப்பன் கல்லுக்கு எத்தனை வயது? தகடூர் வீரக்கதைகள்: வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இறந்த வீரருக்காக நட்ட நடுகற்களைப் பற்றியும், தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் கதைகளைப் பற்றியும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: ஊரில் சொல்லும் இடைக்கால வீரக்கதைக்குச் சங்ககாலம் வரை வேர் ஓடுகிறதா? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் ஊர் எல்லையில் புளியமரத்தடியில் வேடியப்பன் என்று வழிபடும் நடுகல் இருக்கிறது. கையில் வில்லோடு ஒரு வீரன். அதியமானின் படைத்தலைவன் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
(பென்னாகரம் வாசகர்)

அந்தக் கல் அதியமான் காலத்தது அல்ல என்று உருவத்தை வைத்தே சொல்லிவிடலாம். சங்க கால அதியமான் நெடுமான் அஞ்சி வாழ்ந்தது இன்றைக்குச் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன். அக்காலத்து நடுகல் எப்படி இருந்தது என்பதற்குத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த மூன்று கற்கள் சாட்சி. அவற்றில் வீரன் உருவமே கிடையாது. தமிழ் பிராமி எழுத்து மட்டும்தான். ஒன்றில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்றிருக்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது பொருள்.

வில்லும் குறுவாளும் ஏந்திய வீரனைப் புடைப்பாகச் செதுக்கி, மேலே வட்டெழுத்தில் செய்தி பொறிக்கும் வழக்கம் நம் பகுதியில் பல்லவர் காலத்தில்தான் செழித்தது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் பெயர்களோடு செங்கம், தருமபுரிப் பக்கம் கிடைக்கும் கற்கள் 6, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆக, அதியமானுக்கும் உங்கள் வேடியப்பனுக்கும் நடுவே குறைந்தது 500 ஆண்டு இடைவெளி இருக்கும்.

வயதைக் கண்டுபிடிக்க இந்த வரிசையில் பாருங்கள். முதலில் எழுத்து: தமிழ் பிராமியா, வட்டெழுத்தா, தமிழெழுத்தா, கன்னடமா? அடுத்து, அரசன் பெயர். ‘கோவிசைய’ என்று தொடங்கி ‘பருமற்கு’ என்று முடிந்தால் அது ஆட்சியாண்டைச் சொல்லும் முதல் வரி. நடுவில் மயீந்திர என்று வந்தால் மகேந்திரன். அதற்குப் பிறகு நாட்டுப் பிரிவும் (புறமலை நாடு போன்றவை) அங்கே ஆண்ட குறுநிலத் தலைவன் பெயரும் வரும். ஊர், வீரன் பெயர், அவன் எப்படி இறந்தான் என்பதெல்லாம் கடைசியில்தான். ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. ‘தொறுக்கொண்ட ஞான்று பட்டான்’ என்றால் மந்தை கவரப்பட்ட போது இறந்தான். ‘மீட்டுப் பட்டான்’ என்றால் மந்தையை மீட்டுக் கொடுத்துவிட்டு இறந்தான். இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால், ஊரைக் காத்தவனைக் கொள்ளைக்காரன் ஆக்கிவிடுவோம்.

எழுத்தே இல்லாத கல் என்றால் ஆயுதம், கொண்டை, இடைக்கச்சு, செதுக்கிய முறை இவற்றை வைத்து நூற்றாண்டைத் தோராயமாகச் சொல்லலாம். பெயர் சொல்ல வழியில்லை. அப்படிப்பட்ட கல்லுக்குத்தான் அதியமான் பெயர் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

புறநானூற்றில் வரும் நடுகல் வழக்கமும் பல்லவர் கால நடுகல்லும் ஒரே மரபா? எது பழையது, எது பின்னால் சேர்ந்தது? வகுப்பில் சொல்ல உதவும்.
(அரூர், தமிழாசிரியை)

ஒரே மரபுதான். ஆனால் மரபு என்று மொத்தமாகச் சொல்லாமல், ஒவ்வொரு கூறையும் தனியாக எடுத்துச் சரிபார்த்துக் காட்டினால் மாணவர் மனதில் நிற்கும். மூன்று கேள்வி போதும். காரணம் ஒன்றா? சடங்கு ஒன்றா? கல்லில் இருப்பது ஒன்றா?

காரணம் அசைக்க முடியாத அளவுக்குப் பொருந்துகிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் தொல்காப்பியப் புறத்திணையில் வெட்சியின் பகுதி. ‘ஆகோள்’ அங்கே ஒரு துறை. அதே சொல்லைப் புலிமான்கோம்பைக் கல்லிலும் பார்க்கிறோம். பல்லவர் காலத்தில் சொல் ‘தொறு’ என்று மாறினாலும் சண்டை மாறவில்லை. மலையும் காடும் மேய்ச்சலும் நிறைந்த நம் பகுதியில் செல்வம் என்றால் மாடுதான். ஆகையால் சண்டையும் மாட்டுக்காகத்தான் நடந்தது. 500 ஆண்டு கழித்தும் அதே நிலத்தில் அதே காரணம் நீடித்ததில் வியப்பில்லை.

சடங்குக்கு வருவோம். கல் எடுப்பதன் படிகளைத் தொல்காப்பியம் ஆறாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். அதாவது தகுந்த கல்லைத் தேடிக் காணுதல், அதைக் கொள்ள நாள் குறித்துத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல். சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தின் நடுவே வரும் காதைப் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. வீரனுக்கு வகுத்த அதே படிகளில்தான் கண்ணகிக்கும் கல் எடுக்கிறார்கள்.

சங்கப் பாடல்களில் இந்தச் சடங்கின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அகநானூறு 35-இல் நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டி, துடி அடித்து, கள்ளோடு செம்மறியைப் பலி கொடுக்கிறார்கள். புறநானூறு 329-இல் சில வீடுகளே உள்ள சிற்றூரில் நடுகல்லை நீராட்டி, வீட்டில் காய்ச்சிய கள்ளைப் படைத்து, நெய் விளக்கின் புகை மணக்கிறது. வேடியப்பனுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் ஊர்க்காரருக்கு இந்தப் பாட்டை உரை இல்லாமலே விளக்கிவிடலாம். மாங்குடி கிழார் இன்னும் ஒரு படி மேலே போய், நெல்லைத் தூவி வணங்க எங்களுக்குக் கல்லைத் தவிர வேறு கடவுள் இல்லை என்றே சொல்லிவிடுகிறார் (புறம் 335).

மூன்றாவதாக, கல்லில் இருப்பது. இங்கேதான் கவனம் வேண்டும். சங்கப் பாடல் சொல்வது ‘பெயரும் பீடும்’ (அகம் 67). புறம் 264 ‘பெயர் பொறித்து’ என்கிறது. பீலி சூட்டியதும் பதுக்கைக் கற்குவியலும் அதே பாட்டில் உண்டு. வீரன் உருவம் செதுக்கியதாக நாம் இங்கே பார்த்த எந்தப் பாட்டிலும் இல்லை. அரசன் ஆட்சியாண்டும் இல்லை. இவ்விரண்டும் பின்னால் வந்தவை. வீரனை இருபுறமும் தேவமகளிர் தாங்கிச் செல்வது, அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருப்பது போன்ற காட்சிகள் அதற்கும் பிந்தியவை.

மாறாக, மயில் பீலி பல்லவர் கால நடுகல் எழுத்துகளில் பேசப்படவில்லை. சில கற்களில் வீரன் காலருகே சிறு கலம் ஒன்றைச் செதுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் ஔவையாரின் ‘நாரரி சிறுகலம்’ (நாரால் வடித்த கள்ளை ஊற்றும் சிறு கலம்) நினைவுக்கு வரும். அழகான நினைவுதான், ஆனால் வகுப்பில் அதைச் சான்றாகச் சொல்லாதீர்கள். கலம் இருப்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது, அதில் கள் இருந்தது என்று எந்தக் கல்லும் எழுதவில்லை.

மாணவர்களுக்கு ஒரே ஒரு கல்லைக் காட்ட வேண்டும் என்றால் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல்லைக் காட்டுங்கள். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான். அவனோடு கல்லில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் இலக்கணம் சொல்லும், புறநானூறு வீரனைப் பாடும்; நாயின் பெயரைச் சொல்ல இந்த ஊர்க் கல்தான் வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் ஆர்தர் மன்னன் கதைக்கும் ரோமானியர் காலத்து வேர் உண்டு என்று படித்தேன். அதியமான் கதையை அதோடு ஒப்பிட முடியுமா?
(காவேரிப்பட்டினம், கல்லூரி மாணவர்)

கதைகளை ஒப்பிடுவதைவிட, சான்றுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்தர் 12 போர்களில் வென்றதாகச் சொல்லும் ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனம்’ 9-ஆம் நூற்றாண்டு நூல். அவரைப் பேரரசராக உயர்த்தியது 12-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத். ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இவை எவ்வளவோ பிந்தியவை. அதனால் இன்னும் பின்னோக்கிப் போய், லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ் என்ற ரோமானியப் படைத்தலைவரே கதையின் மூலம் என்று சிலர் வாதிட்டார்கள். குரோஷியக் கடற்கரையில் ஸ்ப்லிட் நகருக்கு அருகே பொட்ஸ்ட்ரானாவில் அவருடைய கல்லறைக் கல்வெட்டு இருக்கிறது. பிரிட்டனில் இருந்த ஆறாம் படைப்பிரிவில் அவர் அதிகாரியாக இருந்தார் என்று அது சொல்கிறது.

இதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்தார்கள். கி.பி. 175-இல் ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், தோற்ற சர்மாத்தியக் குதிரை வீரர்கள் 5,500 பேரைப் பிரிட்டனுக்கு அனுப்பினார் என்று காசியஸ் டியோ எழுதுகிறார். சர்மாத்தியரின் வழிவந்த, காக்கசஸ் மலைப்பகுதி ஒசேத்தியரிடம் பாத்ராஸ் என்ற வீரனின் கதை இருக்கிறது. அவன் சாகும்போது அவன் வாளைக் கடலில் எறிய வேண்டும். ஆர்தரின் வாளும் நீரில்தான் எறியப்படுகிறது. ஆகவே ஆர்டோரியஸ் சர்மாத்தியரை நடத்தினார், அவர்கள் கதை ஆர்தர் கதையாயிற்று என்பது வாதம்.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆர்டோரியஸ் சர்மாத்தியரை நடத்தினார் என்று அந்தக் கல்வெட்டில் எங்கும் இல்லை. அவர் யாருக்கு எதிராகப் படை நடத்தினார் என்று சொல்லும் இடத்தில் கல் சிதைந்து, ‘ஆர்ம்’ என்ற தொடக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது இன்றைய பிரான்சின் வடமேற்கே இருந்த ஆர்மோரிக்கர்களா, கிழக்கே ஆர்மீனியர்களா என்று அறிஞர்கள் இன்னும் மோதுகிறார்கள். நாலைந்து எழுத்து தேய்ந்ததால் ஒரு படையெடுப்பின் திசையே தெரியவில்லை. ஆர்டோரியஸ்–ஆர்தர் தொடர்பில் கையில் நிற்பது பெயர் ஒற்றுமை மட்டுமே.

நம் பக்கம் வாருங்கள். 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி’. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி, அதாவது துறவியர் உறைவிடம் என்பது பொருள். குடிப்பெயர், இயற்பெயர் இரண்டும் புறநானூற்றில் உள்ளபடியே இருக்கின்றன. அவற்றோடு அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு வரும் சதியபுத்திரர் என்ற பட்டமும் சேர்ந்திருக்கிறது. கல் கிடைத்த இடமும் பாட்டோடு உடன்படுகிறது: அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்று ஔவையார் சொல்கிறார் (புறம் 99), அந்தக் கோவலூர்தான் திருக்கோவிலூர். பாட்டும் கல்லும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஆளைச் சொல்கின்றன. ஆர்தருக்கு இப்படி ஒரு கல் கிடைக்கவில்லை.

நெல்லிக்கனியை அதியமான் ஔவைக்குக் கொடுத்தது நடந்ததா, கதையா? ‘தகடூர் யாத்திரை’ என்பது என்ன நூல்?
(தருமபுரி வாசகர்)

நெல்லிக்கனி செய்தி புறநானூறு 91-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. அதைப் பாடியவர் ஔவையாரே. பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் இருந்த கனி. அதன் பயனை எனக்குச் சொல்லாமல் உன் மனதுக்குள் அடக்கிக்கொண்டு, நான் சாகாதிருக்கக் கொடுத்தாயே என்கிறார். சிறுபாணாற்றுப்படையும் ஏழு வள்ளல்களைச் சொல்லும் இடத்தில் இதை நினைவுகூர்கிறது. ஆக, இது இடைக்காலத்தில் முளைத்த கதை அல்ல. மலையின் பெயர், கனியைப் பாம்பு காத்தது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காய்ப்பது என்று ஊரில் சொல்லும் விவரங்கள் பாட்டில் கிடையா. கிழவி ஔவையும் கிடையாது. புறம் 89-இல் பகைவேந்தன் அவரை ‘விறலி’ என்று அழைக்கிறான், மை தீட்டிய கண், ஒளிரும் நெற்றி என்று வருணனை வருகிறது. கோலூன்றிய பாட்டி பிற்காலத்து ஔவை.

‘தகடூர் யாத்திரை’ இன்று முழுதாக இல்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்த கதை அது. ‘புறத்திரட்டு’ என்ற தொகுப்பிலும் நச்சினார்க்கினியரின் தொல்காப்பிய உரையிலும் சில பாடல்கள் தப்பியிருக்கின்றன. தொல்காப்பியத்தில் ‘தொன்மை’ என்ற வனப்புக்கு, அதாவது உரைநடையோடு கலந்து பழங்கதை சொல்லும் நூலுக்கு, எடுத்துக்காட்டாகப் பேராசிரியர் இரண்டைச் சொல்கிறார்: பெருந்தேவனார் பாரதமும் தகடூர் யாத்திரையும். உரையாசிரியர்கள் காலத்திலேயே தகடூர்ப் போர் பாரதப் போரோடு சேர்த்து எண்ணப்பட்ட பழங்கதை ஆகிவிட்டது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

அந்தக் கதையின் அடித்தளம் உறுதியானது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து இதே சேரனை அரிசில் கிழார் பாடியது. 78-ஆம் பாட்டு தகடூரை அழித்ததைச் சொல்கிறது. அதே அரிசில் கிழார், தகடூரில் போரிட்டு வீழ்ந்த அதியமான் எழினிக்காகப் புறம் 230-இல் அழுகிறார். வென்றவனைப் புகழ்ந்த வாயே தோற்றவனுக்கும் இரங்குகிறது. சங்கப் புலவர்களிடம் எங்களை மிகவும் நெகிழ வைக்கும் பண்பு இது.

அஞ்சியின் சாவுக்குப் பின் ஔவையார் பாடிய புறம் 232 இந்தப் பகுதி முழுவதற்கும் நெருக்கமான பாட்டு. ‘நடுகற் பீலி சூட்டி, நாரரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ’ என்று கேட்கிறார். உயர்ந்த மலைகள் நிறைந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லாகி நின்று, சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானோ? அதியமானுக்கு நடுகல் எடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் கல் இதுவரை கிடைக்கவில்லை.

சோழர் காலத்திலும் அதியமான்கள் இருந்தார்களாமே. அவர்கள் உண்மையிலேயே அஞ்சியின் வாரிசுகளா?
(பாலக்கோடு வாசகர்)

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்டவர் இராசராச அதிகைமானின் மகன் விடுகாதழகிய பெருமாள். போளூர் அருகே திருமலைச் சமணக் குன்றில் அவருடைய கல்வெட்டு இருக்கிறது. சேர குலத்து எழினி முன்பு அங்கே எடுத்த இயக்கன், இயக்கி (சமணக் காவல் தெய்வங்கள்) உருவங்கள் பழுதுபட்டிருந்ததைத் தான் புதுப்பித்ததாகச் சொல்கிறது. எழினி என்பது சங்கப் பாடலிலும் வரும் பெயர்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. சங்கப் பாடல்களில் தகடூரை அழித்ததே சேரன். அப்படியிருக்க எழினி எப்படிச் சேர குலம்? ஆனால் புறம் 99-இல் ஔவையார் அஞ்சிக்கு ‘இரும்பனம் புடையல்’ சூட்டுகிறார். பனம்பூ சேரரின் அடையாளப் பூ. ஆகவே உறவுச் சொல்லுக்குப் பழைய பிடிமானம் ஒன்று இருக்கிறது, வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. அதே சமயம், அஞ்சிக்கும் விடுகாதழகிய பெருமாளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல். அந்த இடைவெளியில் தகடூர் பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர் என்று கை மாறியிருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் நுளம்பன் மகேந்திரனின் கன்னடக் கல்வெட்டு தருமபுரி நகரிலேயே இருந்தது. தந்தை, மகன் என்று அறுபடாத வரிசையைக் காட்ட ஆவணம் இல்லை. பழம்புகழைத் தெரிந்து, மதித்து, தனதாக ஏற்றுக்கொண்ட குடி என்று சொல்வதே சரி. அதுவே பெரிய செய்தி: 12, 13-ஆம் நூற்றாண்டில் எழினி என்ற பெயர் இந்த மண்ணில் உயிரோடு இருந்திருக்கிறது.

ஓசூர்ப் பக்கம் மூன்று அடுக்காகச் செதுக்கிய கற்கள் இருக்கின்றன. இவையும் நடுகற்கள்தானா?
(ஓசூர் வாசகர்)

ஆமாம். கீழ் அடுக்கில் போர், நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்லல், மேலே வீரன் சிவலிங்கத்தை வழிபடுதல். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கர்நாடக மரபின் செல்வாக்கு இது. குந்தாணியைத் தலைநகராகக் கொண்டு போசள (ஹொய்சாள) அரசன் வீரராமநாதன் 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பகுதி என்பதால் தமிழ், கன்னடம் இரண்டு எழுத்தையும் எதிர்பார்த்துப் போங்கள். வீரன் அருகே கை உயர்த்திய பெண் இருந்தால் உடன்கட்டை ஏறியவள். எதிரே புலி இருந்தால் அது புலிக்குத்திக் கல், அதாவது புலியோடு போரிட்டு இறந்தவனின் கல்.

மல்லசந்திரத்துக் கற்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்கிறார்கள். பாரதத்தோடு தொடர்பு உண்டா?
(கிருஷ்ணகிரி வாசகர்)

இல்லை. அவை இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் போட்டு எடுத்தவை. பாரதக் கூத்தும் திரௌபதியம்மன் விழாவும் ஊறிய மாவட்டத்தில் அந்தப் பெயர் வந்தது இயல்பு. ஆனால் இறந்தவருக்குக் கல் எடுக்கும் பழக்கம் இங்கே நடுகல்லைவிடவும் பழையது என்பதற்கு அவை நேரடிச் சான்று. உள்ளே தோண்டவோ மூடுகல்லை நகர்த்தவோ கூடாது. ஒரு பலகை சாய்ந்தால் மொத்தமும் சரியும்.

நடுகல் எழுத்தை மைப்படி (தாளில் மையால் ஒற்றியெடுக்கும் படி) எடுப்பது எப்படி? சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் படம் எடுத்தால் போதாதா?
(ஊத்தங்கரை, பள்ளித் தொன்மை மன்றம்)

சுண்ணக்கட்டி வேண்டாம். மைதா மாவும் வேண்டாம். நீங்கள் எழுத்து என்று நினைத்த இடத்தில்தான் வெள்ளை பூசுவீர்கள். பிறகு படம் பார்ப்பவர் கல்லைப் படிக்க மாட்டார், உங்கள் ஊகத்தைத்தான் படிப்பார். மாவு குழியில் தங்கி எறும்பையும் பூஞ்சணத்தையும் கூட்டும்.

முதலில் சாய்வொளிப் படம். இருட்டிய பின், டார்ச்சைக் கல்லின் முகத்தை ஒட்டினாற்போல் 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடியுங்கள். மேல், கீழ், இடது, வலது என்று நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு படம். நேராக ஒளி விழுந்தால் எழுத்து மறைந்துவிடும். ஒரு திசை ஒளியில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும். படத்தில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும். பாதிக் கற்களுக்கு இதுவே போதும்.

மைப்படிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். வழிபாட்டில் உள்ள கல் என்றால் ஊர்ப் பெரியவர்களையும் பூசாரியையும் கேளுங்கள். முதன்முறை பயிற்சி உள்ளவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். செய்முறை இது.

கல்லைத் தண்ணீரும் தென்னை நார்த் தூரிகையும் கொண்டு கழுவுங்கள். கம்பித் தூரிகை, அமிலம், சோப்புத்தூள் எதுவும் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பல ஆண்டுகளாக ஏறிய கல்லில் தாள் ஒட்டாது. அதைச் சுரண்டாமல், சாய்வொளிப் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாள் எழுத்துப் பரப்பைவிட நாலு பக்கமும் 10 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். தடித்த, ஆனால் நீரில் துவளும் தாள் வேண்டும். வழவழப்பான தாள் நீரை ஏற்காது. இரண்டு தாள் தேவைப்பட்டால் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும், எழுத்து வரிசையின் குறுக்கே இணைப்பு வராமல்.

தாளை வாளி நீரில் முக்கி, நன்றாக ஊறியதும் இரு முனையையும் பிடித்துத் தூக்கி, சொட்டு வடியவிட்டுக் கல்மேல் பரப்புங்கள். ஈரத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு குமிழியாகும்; அந்த இடத்தில் எழுத்து வராது. பிறகு கெட்டித் தூரிகையால் செங்குத்தாக அடித்துத் தாளை எழுத்துக் குழிக்குள் இறக்குங்கள். இழுத்துத் தேய்த்தால் கிழியும். கிழிந்த இடத்தில் சிறு ஈரத்துண்டை ஒட்டி மீண்டும் தட்டலாம்.

அதிகம் கெடுவது அடுத்த கட்டத்தில்தான். தாள் பளபளப்பு போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் நிலைக்கு வரும் வரை காத்திருங்கள். அதற்கு முன் மை வைத்தால் ஊறிப் பரவிக் குழியையும் நிரப்பும், எழுத்து கருப்புக்குள் காணாமல் போகும். முழுதும் உலர்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும், மை எங்கு வைத்தாலும் நிழலாகும். ஏப்ரல் வெயிலில் இந்த நடுநிலை சில நிமிடமே நிற்கும். அதிகாலையில் செய்யுங்கள், காற்று அடிக்கும் நாளில் செய்யாதீர்கள்.

மை என்பது விளக்குக்கரியும் கருவேலம்பிசின் கரைசலும். துணியில் பொதிந்த பஞ்சுப் பந்தால் தொட்டு, முதலில் வேறு தாளில் ஒத்திப் பாருங்கள். வடியக் கூடாது, சாம்பல் நிறமாகப் படிய வேண்டும். கல்லில் மூன்று சுற்று: முதல் சுற்று மிக மெல்லியது, அடுத்த இரண்டில் கருமை கூடட்டும். மேடு கருப்பாகும், குழியில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கும். தாள் உலர்ந்ததும் மேல் மூலையிலிருந்து மெதுவாக உரித்து, பின்பக்கத்தில் ஊர், கல் இருக்கும் இடம், நாள், மேல் பக்கம் எது என்பதை உடனே பென்சிலால் எழுதுங்கள். அடுத்த கல்லுக்குப் போன பிறகு எழுதலாம் என்று விட்டால் படிகள் குழம்பும்.

படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. வட்டெழுத்தில் ப, ம, ய, வ ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. ஆகவே பெயரை உறுதிசெய்யும் முன், அதே கல்லில் ஐயமில்லாத சொற்களில் (பட்டான், கல்) அந்த எழுத்துகள் எப்படி இருக்கின்றன என்று பொருத்திப் பாருங்கள்.

தேய்ந்த எழுத்தைப் பற்றிச் சங்கப் புலவர்களும் கவலைப்பட்டிருக்கிறார்கள். அம்பைத் தீட்டித் தீட்டி இடுப்பு தேய்ந்த நடுகல்லில், எழுத்து விட்டுவிட்டுத் தெரிவதால் வழிப்போக்கர் முழுதும் படிக்காமலே கடந்து போவதை அகநானூறு 297 காட்டுகிறது. இன்று அரிவாளும் கொடுவாளும் தீட்டுகிறார்கள். உங்கள் மன்றம் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

சாலை அகலப்படுத்தும் வேலையில் ஒரு நடுகல் வெளிப்பட்டிருக்கிறது. கோயிலுக்குள் கொண்டுபோய் வைக்கலாமா?
(மொரப்பூர் வாசகர்)

கல்லை அசைக்கும் முன் அது நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் படம் எடுங்கள், கைப்பேசியில் இட அமைவைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் மாடு ஓட்டினார்கள், எந்தக் கணவாயில் மறித்தார்கள் என்பதை இடம்தான் சொல்லும். அன்றே வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மண்ணில் புதைந்து கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி கடமை.

எந்திரக் கையில் சங்கிலி கட்டித் தூக்கினால் கல்லின் விளிம்பு உடையும். கோணிச்சாக்கைச் சுற்றி, அகல நாடாவில் தூக்கி, படுக்கை வசத்தில், எழுத்துப் பக்கம் மேலாக மணல்மேல் வையுங்கள். மீண்டும் நடும்போது அடியில் சிமெண்டு ஊற்றாதீர்கள். நடுகல்லில் கடைசி வரி பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கும், வீரன் பெயர் அங்கே இருக்கலாம். குழி வெட்டி, சல்லியும் மண்ணும் கெட்டித்து, எழுத்தின் கடைசி வரி தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தெரியும்படி நிறுத்துங்கள். எனாமல் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். மாலை, சந்தனம், பொங்கல் எல்லாம் கல்லின் முன்னால் ஒரு பலகைக்கல் போட்டு அதில் நடக்கட்டும்.